எண் 114

சொர்ணபுரியில் மூன்றாவது மாடி.
நிவேதன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினான்.
ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு துளி.
துளிக்குக் கீழே ஒற்றைக்கோடு.
"க்ளீனா இருக்கு, இல்லைங்களா?"
இருந்தது.
கண் ஆஸ்பத்திரிக்கு வைக்கலாம்,
தண்ணி கேனுக்கு வைக்கலாம்,
ஐந்து ரோட்டில் புதிதாய்த் திறந்த பேங்குக்கும் வைக்கலாம்.
ஜவ்வரிசிக்கும் வைக்கலாம் என்கிறான்.

மேசையில் பழைய சாக்கு விரிந்து கிடந்தது.
செல்லப்பாப்பா மார்க்.
வையாபுரி அண்ட் கோ, செவ்வாய்ப்பேட்டை, சேலம்-2.
நெற்றியில் ஒரு சுருள், கையில் ஒரு கிண்ணம்,
சிரிப்பில் இரண்டே பல்.
இடுப்புக்குக் கீழே எழுத்து வந்து மறைத்துவிட்டதால்
போட்டிருப்பது சட்டையா கவுனா என்று
இன்றுவரை யாருக்கும் தெரியாது.
கன்னத்துச் சிவப்பு காதுவரை வழிந்திருக்கும்.
நீலம் எப்போதும்
கோட்டை விட்டு அரை நூல் தள்ளியே நிற்கும்.

லோகோவைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு.
இப்போதெல்லாம் எழுத்துகள்
நகம் வெட்டி, தலை வாரி
இன்டர்வியூவுக்குக் கிளம்பியவை போல வரிசையில் நிற்கின்றன.
எங்கள் சாக்கின் ஜ
அடுத்த எழுத்தின் மேல் காலைப் போட்டுத் தூங்கும்.
அதற்காகப் பழசெல்லாம் அழகு என்று சொல்லமாட்டேன்.
பக்கத்து குடோன்காரர்களின் ராக்கெட் மார்க்கில்
ராக்கெட், முள்ளங்கி மாதிரிதான் இருக்கும்.
வாங்குகிறவர்கள் முள்ளங்கி மார்க் என்றே கேட்பார்கள்.
அவர்களும் திருத்தவில்லை, வியாபாரம் நடந்தது.

ஏழு வயதில் ஈரோடு பஸ் ஸ்டாண்டில்
ஒரு பல்பொடி டப்பாவின் மேல் என்னைப் பார்த்தேன்.
அதே சுருள். அதே இரண்டு பல்.
கிண்ணம் இருந்த இடத்தில் பிரஷ்.
என் முகத்தைத் திருடிவிட்டார்கள் என்று
பஸ் ஏற மறுத்துக் கத்தினேன்.
அப்பா டப்பாவை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து,
"இது நீ இல்ல கண்ணு. உன் ஜாடையில வேற யாரோ" என்றார்.
சேலம் வந்ததும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார்.
நானும் விட்டுவிட்டேன்.

"என் முகத்தை எடுக்கறதுன்னா
என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."
இது குணவதி அக்கா.
அண்ணன் நிமிர்ந்தான். "உன் முகமா?"
அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த வாரம் வரைந்ததாம்.
கன்னம் அப்படி இருப்பது அதனால்தானாம்.
அண்ணனிடம் சொல்லப்பட்டது வேறு:
மொட்டை போட்ட பிறகு முளைத்த முதல் சுருள்.
நான் வாயே திறக்கவில்லை.
சாக்கு வந்தது அறுபத்தெட்டில். நான் பிறந்தது எழுபத்துநாலில்.
ஒருமுறை கேட்டேவிட்டேன்.
"நீ வருவேன்னு தெரிஞ்சுதானே
முன்னாடியே போட்டு வச்சேன்" என்றார்.
கணக்கில் பைசா பிசகாத மனுஷன்.

"ஃபைல்ல இது ஒண்ணு இருந்துச்சுங்க."
நிவேதன் ஸ்கேன் செய்த பில்லைப் பெரிதாக்கினான்.
சிவகாசி. ரெடிமேட் பிளாக்.
குழந்தை, எண் 114. ரூபாய் பதினெட்டு.
தள்ளுபடி போகப் பதினாறரை.
கீழே அப்பாவின் கையெழுத்து.

யாரும் பேசவில்லை.
ஜன்னலில் ஏற்காட்டு மலை,
அதுவும் அன்றைக்கு அச்சு விலகித்தான் இருந்தது,
நீலம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்.
"ஒன்றரை ரூபா குறைச்சிருக்கார் பாரு"
என்றான் அண்ணன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓட்டெடுப்பில் நான் வட்டத்துக்குத்தான் கை தூக்கினேன்.
பதினாறரை ரூபாய் முகம்
மூன்று பேருக்குப் பங்கு வைத்தும் மிச்சமிருந்தது.
இனியும் அதைச் சாக்கு தூக்கவிட வேண்டாம்.
ஒன்றே ஒன்று கேட்டேன்:
துளியின் நீலத்தை
கோட்டை விட்டு அரை நூல் தள்ளச் சொன்னேன்.
"அது மிஸ்டேக் ஆகிடும் மேடம்."
"தெரியும். அரை நூல் போதும்."

லிஃப்டில் இறங்கும்போதுதான் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது.
"சாக்கை யார் எடுத்தா?"
அக்கா மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள் தோள்பை
ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தது,
பொன்னுக்கு வீங்கிய கன்னம் போல.